சிவப்பு போன இடுக்கி

கராச்சர்மா,
ஜூன் 4, 2025

என்னங்க,

பார்சல் வந்தது. நசீருதீன் பாய் கப்பலை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். சாக்கைத் தோளிலிருந்து இறக்கும்போது, "பாபிஜி, உள்ள என்ன நங்கூரமா? பேன்ட்ரியில என் பங்க்குக்குக் கீழே வெச்சிருந்தேன். கப்பல் ஆடுனப்போ எல்லாம் உருண்டு வந்து கால்ல இடிச்சுது" என்றார்.

பிரித்தேன். என் கை நீளத்துக்கு ஓர் இடுக்கி. வாயைத் திறந்தால் நம் பாப்பா அகிலாவின் தலை நுழையும். நான் எதைப் பார்த்தாலும் இப்போது அகிலாவின் தலையை வைத்துத்தான் அளக்கிறேன்.

கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கோபம் புரிகிறது. ஆனால் இந்த இடுக்கியை வைத்து, என்னோடு படித்த அஸ்வின் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது 'போர்ட் டாங்ஸ்'. நீங்கள் போர்ட் என்றதும் நம் துறைமுகத்தை நினைத்துவிட்டீர்கள். ஊர்ப் பெயரில் இருந்த போர்ட்டையே எடுத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் போர்ட் என்றால் நம்ம ஊர்தான் என்கிறீர்கள்! போர்ட் என்பது ஒருவகை ஒயின். அன்று போனில் இதை நான் விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்வதற்குள் சண்டை வந்துவிட்டது.

இப்போது சொல்கிறேன். ரொம்பப் பழைய ஒயின் பாட்டிலில் கார்க் உளுத்துப்போயிருக்கும். திருகி இழுத்தால் தூளாகி உள்ளே விழுந்துவிடும். அதனால் கார்க்கைத் தொடாமல் பாட்டிலின் கழுத்தையே எடுத்துவிடுகிறார்கள். சின்ன இடுக்கி ஒன்று. அதன் முனையில் இரண்டு அரை வளையங்கள், சேர்ந்தால் முழு வளையம். அதைச் சிவக்கக் காய்ச்சிக் கார்க்குக்குக் கீழே கழுத்தைச் சுற்றி வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஈரத் துணியை வைத்தால் கண்ணாடி அந்தக் கோட்டிலேயே விட்டுக்கொடுக்கும். சூடான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி நான் உடைத்தேனே, அதே விஷயம்தான். அதை அழகாகச் செய்தால் ஹேவ்லாக்கில் டூரிஸ்ட்டுகள் கை தட்டுகிறார்களாம். அஸ்வின் அங்கே ரிசார்ட்டில் பார் மேனேஜர். ஆகஸ்டு முதல் வாரம் அவன் விருந்தாளிகள் முன்னால் நான் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் மெயின்லாண்டில் இருக்கும் அவர்களுடைய ஓட்டல்கள் எல்லாவற்றுக்கும் நம்மிடமே இடுக்கி வாங்குவார்கள்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். அந்தக் கடைசித் தீவில், உங்கள் கேம்ப்பில் காற்றடித்தால் டவர் போய்விடுகிறது. பாதி வாக்கியத்தில் அறுந்தால், மீதிப் பாதியை நாம் இருவரும் அவரவர் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்கிறோம். ஏப்ரலில் அகிலாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நான் மறுநாள்தான் உங்களைப் பிடிக்க முடிந்தது. "நீங்க இருந்தும் என்ன பண்ணியிருப்பீங்க" என்று கேட்டேன். அது மட்டும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

உங்கள் கான்ட்ராக்டர் அங்கேயே இன்னும் மூன்று வருஷ வேலைக்கு ஆகஸ்டு பதினைந்துக்குள் கையெழுத்துக் கேட்கிறார் என்று நசீருதீன் பாய் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இங்கே இருக்கும்போது, இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காம்ப்பெல் பேக்கு வர எனக்குத் தைரியம் கிடையாது. இந்த இடுக்கி சரியாக வந்தால் நீங்கள் வந்து நம் ஷெட்டிலேயே பட்டறை போடலாம். இடுக்கி சரியாக வராவிட்டால் கையெழுத்துப் போடுவீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பாட்டில் கழுத்து அளவைக் காகித வளையமாக வெட்டி இதற்குள் வைத்திருக்கிறேன்.

வைஜெயந்தி

●

காம்ப்பெல் பே,
ஜூன் 14

ஜெயந்தி,

சின்ன இடுக்கி அனுப்பியிருக்கிறேன். பெரியதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நசீருதீன் பாய் இனிமேல் என் சாக்கைத் தூக்க மாட்டாராம்.

போர்ட் என்று சொன்னாய். இரும்பு வேலைக்காரனிடம் போர்ட் என்றால் அவன் கப்பல் சங்கிலியைத்தான் நினைப்பான், சாராயத்தையா நினைப்பான்? ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அடித்தேன். இங்கே எல்லாரும் வந்து பார்த்து, "க்யா பாத் ஹை உஸ்தாத்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இது சாதாரணக் கம்பி. லாரி ஸ்பிரிங்கில் வரும் கமான் பட்டையில் செய்யலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சிவந்து சிவந்து ஈரம் படும் சாமான். கமான் பட்டை ஒருநாள் பட்டென்று போய்விடும். வளையத்தை உன் காகித அளவுக்கு மட்டம் செய்து, அரம் போட்டு வழித்திருக்கிறேன். நடு ரிவிட் லேசாக ஆட வேண்டும். இறுக்கி அடிக்காதே.

நான் விட்டுவந்த உலை சின்னதுதான், போதும். சிரட்டைக் கரி போடு. காற்றாடியை மெதுவாகச் சுற்று.

ஒன்று மட்டும் கவனம். இரும்பு சிவப்பாக இருக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். ஆபத்து அதற்கு அப்புறம்தான். சிவப்பு போய் மறுபடி கறுப்பாகிவிடும், பார்த்தால் மூலையில் கிடக்கிற பழைய இடுக்கி மாதிரியே இருக்கும். ஆனால் தோலை உரித்துவிடும். சிவப்பு போனால் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதையும் பாய்தான் சொன்னார்.

"இருந்தும் என்ன" என்றதற்கு மீதி வாக்கியம் என்ன என்று நீ இன்னும் எழுதவில்லை.

உதயசூரியன்

●

கராச்சர்மா,
ஜூன் 27

என்னங்க,

நடக்க ஆரம்பித்துவிட்டாள். எழுத நினைத்து, பிறகு வேண்டுமென்றே எழுதவில்லை. நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, பஞ்சாயத்து மெம்பர் போல நடக்கிறாள். நேராக ஷெட்டை நோக்கித்தான்.

இடுக்கி அழகாக இருக்கிறது. கெடுத்தது நான்தான்.

பழைய சாமான் எடுக்கும் ரியாஸிடம் காலி ஒயின் பாட்டில் கேட்டேன். "அக்கா, எல்லாரும் இதை விக்க வருவாங்க. வாங்க வந்தது நீங்கதான் முதல் ஆள்" என்று சிரித்தான். ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டான். தண்ணீர் நிரப்பி, கார்க்கைத் தட்டி இறக்கி, கழுத்தைத் துடைத்து வைத்தேன். அகிலா தூங்கும் பகல் நேரத்தில்தான் செய்கிறேன். ஷெட் கதவைச் சாத்தி, கதவுக்கு முன்னால் தண்ணீர் டிரம்மை உருட்டி வைத்து, டிரம் உருளுமோ என்று அதற்கு ஒரு செங்கல் வைத்து, செங்கலில் அவள் கால் இடறுமோ என்று அதையும் எடுத்துவிட்டு. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

முதல் பாட்டில், வளையத்தை வைத்ததுமே கழுத்தோடு நொறுங்கியது. இரண்டாவதில் விரிசல் தோள்வரை ஓடிவிட்டது. மூன்றாவதில் ஈரத் துணி வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வைத்தேன், மூன்று துண்டு. நாலாவதை முடிக்கவில்லை. வேறு வேலை வந்துவிட்டது. கண்ணாடித் தூள் எங்கேயாவது கிடக்குமோ என்று தரையெல்லாம் பிசைந்த மாவை உருட்டி ஒற்றி எடுத்தேன். அன்று சப்பாத்தி இல்லை.

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டில் சாக்கைப் பார்த்துவிட்டார். ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயந்தி, மனசு கஷ்டமா இருந்தா என்கிட்ட சொல்லும்மா. பாட்டில்கிட்ட சொல்லாதே" என்றார். நான் விளக்கினேன். "ஓகோ, திறக்கத்தான் வாங்கினியா? எல்லாரும் அதுக்குத்தாம்மா வாங்குறாங்க" என்றார்.

உடைந்த கழுத்துகளைப் பஞ்சு வைத்து பிஸ்கட் டப்பாவில் அனுப்புகிறேன். எது முதல், எது இரண்டு என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறேன். தப்பு இரும்பிலா, என்னிடமா என்று பார்த்துச் சொல்லுங்கள். விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள்.

அகிலா நன்றாக இருக்கிறாள்.

வைஜெயந்தி

●

காம்ப்பெல் பே,
ஜூலை 7

ஜெயந்தி,

கப்பல் கிளம்பப் போகிறது, அவசரத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

தப்பு இரும்பில் கொஞ்சம், உன்னிடம் நிறைய. முதல் மூன்று கழுத்திலும் விரிசல் ஒரே இடத்தில் ஆரம்பித்திருக்கிறது. உன் கட்டைவிரல் பக்கம். அதாவது நீ இடுக்கியை இறுக்குகிறாய். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பாயே, அதே பிடி. இது பிடிக்கிற இடுக்கி இல்லை, ஜெயந்தி. சும்மா சாய்ந்திருக்கிற இடுக்கி. வளையத்தின் எடை மட்டும் கண்ணாடி மேல் இருந்தால் போதும், மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். நீ பயந்தால் உன் கை மூடிக்கொள்கிறது. கல்யாணத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தபோதே தெரிந்துகொண்டேன். மோதிரம் பதிந்த தடம் மத்தியானம் வரை இருந்தது.

இரும்பில் இருந்த தப்பு: ஒரு பக்க வளையம் முடி அளவு மேலே. புதிதாக ஒன்று செய்து அனுப்பியிருக்கிறேன். ரிவிட்டை இன்னும் தளர்த்தியிருக்கிறேன். இனிமேல் நீ நினைத்தாலும் இறுக்க முடியாது.

நாலாவது கழுத்துதான் புரியவில்லை. அதில்தான் கோடு மிகச் சுத்தமாக ஓடியிருக்கிறது. அப்படியே ஓடியிருந்தால் வெற்றி. பாதியில் நின்றுவிட்டது. ஈரத் துணியை நீ வைத்த உடனே எடுத்திருக்கிறாய். கையில் வந்ததை ஏன் விட்டாய்? நீ எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

கப்பல் ஹாரன் அடித்துவிட்டது என்கிறார் நசீருதீன் பாய்.

உதயசூரியன்

●

கராச்சர்மா,
ஜூலை 16

என்னங்க,

அவசரத்தில் எழுதினால் எழுத்து கிறுக்கலாகும். எதிர்ப் பக்கம் சாயாது. உங்கள் எழுத்து எப்போதும் வலது பக்கம் விழுந்துவிடுவது போல் இருக்கும். இந்தக் கடிதம் முழுக்க இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதோடு புது இடுக்கியையும் பழைய இடுக்கியையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் சுத்தியல் தடம் மீன் செதில் மாதிரி ஒரே பக்கமாகப் படிந்திருக்கிறது. புதியதில் செதில் திரும்பியிருக்கிறது. சில இடத்தில் ஒரே புள்ளியில் இரண்டு அடி, மூன்று அடி, தேடித் தேடி அடித்தது போல. உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று?

நசீருதீன் பாயைக் கேட்டேன். "பாபிஜி, உதயன் பாய் கசம் வாங்கிட்டார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். ஒன்றும் இல்லாவிட்டால் சத்தியம் எதற்கு?

நீங்கள் என் கழுத்துகளைப் படித்தீர்கள். நான் உங்கள் இடுக்கியைப் படித்துவிட்டேன். நான் மறைத்ததை நானே சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

நாலாவது பாட்டில். அன்று அகிலாவுக்குக் காலையிலிருந்தே உடம்பு லேசாகக் கதகதவென்றிருந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்தேன். இவள் தூங்கும் நேரத்தில் ஒரு பாட்டில் பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொர்ணம்மா அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தார். வளையம் சரியாக உட்கார்ந்தது, எடுத்தேன், துணியை வைத்தேன், கோடு ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். அப்போது அக்கா, "ஜெயந்தி! குழந்தை!" என்று கத்தினார்.

இடுக்கி கையில் இருப்பதே தெரியாமல் ஓடியிருக்கிறேன். அகிலாவின் கண் மேலே போயிருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் இடுக்கியை வாசல்படி ஓரம் போட்டுவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அதற்குள் சொர்ணம்மா அக்கா, "இரும்பு, இரும்பு! கையில இரும்பைக் குடுத்தா நின்னுடும்!" என்று தேடினார். அவர் ஊர்ப் பழக்கம், வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையாவது கையில் திணிப்பார்கள். அவர் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த இடுக்கி. கைப்பிடியைப் பிடித்து எடுத்தார். கைப்பிடி சூடில்லை. வளையத்தில் சிவப்பு போய்விட்டிருந்தது. கறுப்பாக, சாதுவாக, மூலையில் கிடக்கிற பழைய இடுக்கி மாதிரி. அந்த வளையத்தை என் குழந்தையின் உள்ளங்கைக்குக் கொண்டு போனார்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய வரி நினைவுக்கு வந்ததா, இல்லை என் கை தானாகப் போனதா, தெரியாது. அவர் மணிக்கட்டில் அடித்தேன். இடுக்கி கோரைப்பாயில் விழுந்தது. புகை வந்தது. அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

அகிலாவுக்கு அதற்குள் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா ஏப்ரலில் சொன்னதையேதான் சொன்னார். "இறுக்கிப் பிடிக்காதீங்க. கையில வாயில எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பக்கத்துல இருங்க, போதும். அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க. வளர வளர இது போயிடும்." எழுதியும் கொடுத்தார். அடுப்படியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கோரைப்பாயில் அகிலாவின் வளையல் அளவுக்கு ஒரு கருவட்டம் இருக்கிறது. அதை மடித்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். தூக்கிப் போடவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. அன்று முதல் உலையைப் பற்றவைக்கவில்லை. புது இடுக்கியை நான் இன்னும் ஒருமுறைகூடக் காய்ச்சிப் பார்க்கவில்லை. சொர்ணம்மா அக்கா வேலிப் பக்கமே வருவதில்லை.

மீதி வாக்கியம் கேட்டீர்களே. "நீங்க இருந்தும் என்ன பண்ணியிருப்பீங்க, என்னை மாதிரியே பயந்திருப்பீங்க. ஆனா பயப்பட ரெண்டு பேர் இருந்திருப்போம்." இதுதான். டவர் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே உங்களுக்குக் கேட்டிருக்கும்.

கை என்ன ஆயிற்று?

வைஜெயந்தி

●

காம்ப்பெல் பே,
ஜூலை 24

ஜெயந்தி,

உன் கடிதத்தைக் கப்பல் ஜெட்டியிலேயே நின்று படித்தேன். பாய் என்னை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். கோரைப்பாயின் நடுவில் இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தது போலவே இருக்கிறது. அந்த இடுக்கியைக் காய்ச்சி அடித்தவன் நான். இனிமேல் அதைப்பற்றி எழுதாதே. அல்லது எழுது. தெரியவில்லை.

என் கை. ஜூன் கடைசியில் ஜீப்புக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கி நழுவியது. வலது கையில் கடைசி இரண்டு விரலும் நசுங்கிவிட்டன. விரல் போகவில்லை, இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. சுத்தியலைப் பிடித்தால் இரண்டாவது அடியிலேயே நழுவுகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். நாள் ஆகும், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். உன்னிடம் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவாய் என்று பயந்தேன்.

அந்த இரண்டாவது இடுக்கியை வைஸில் கம்பியை மாட்டிவிட்டு இடது கையால் அடித்தேன். பாதி கம்பி வீண். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

கான்ட்ராக்டர் நல்ல மனிதர். கை இப்படி இருந்தாலும் ஸ்டோரில் உட்கார வைக்கிறேன் என்கிறார். மூன்று வருஷம். கையெழுத்து மட்டும் போட வேண்டும். இடது கையால் போட்டேன், பேங்க் கையெழுத்தோடு சேரவில்லை, ஆறட்டும் என்று கிளார்க் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதனால்தான் இன்னும் போடவில்லை. பதினைந்தாம் தேதிவரை டைம். வேறு காரணம் இருப்பது போல் எழுதத்தான் ஆசை.

அஸ்வினிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவன் சரி என்று சொல்லிவிட்டால்தான் எனக்குப் பயம். ஆர்டர் வந்தால் யார் அடிப்பது? ஒரு கையால் பட்டறை நடத்த முடியாது. பட்டடைக்கல்லுக்கு ஒரு கை பிடிக்க, ஒரு கை அடிக்க. எனக்குப் பிடிக்கிற கை மட்டும்தான் மிச்சம். நீ அந்த உலையை மறுபடி பற்றவைக்க வேண்டாம். ஹேவ்லாக் போகவும் வேண்டாம்.

பயப்பட இரண்டு பேர் என்று எழுதினாய். நான் இங்கே பயந்தாலும் அது கணக்கில் சேருமா?

உதயன்

●

கராச்சர்மா,
ஆகஸ்டு 4

என்னங்க,

போனேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வேலிப் பக்கம் போய் நின்றேன். சொர்ணம்மா அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "அக்கா, நாளைக்கு உலை போடப் போறேன். பாப்பாவைப் பாத்துக்க ஆள் வேணும்" என்றேன். "என்னையா கேக்குற?" என்றார். "வேற யாரைக் கேக்க?" என்றேன். உள்ளே போனவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு வந்தார். "பாத்துக்க, எங்கிட்ட ஒரு குண்டூசிகூட இல்ல" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ரியாஸின் சாக்கில் மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீங்கள் ரிவிட்டைத் தளர்த்தியது நல்லது. ஆனால் கை தளர வேண்டுமே. டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைப் பெயர்த்துக்கொண்டு போய் ஷெட்டில் ஒட்டினேன். இறுக்கிப் பிடிக்காதீங்க. பக்கத்துல இருங்க, போதும். பாட்டிலுக்கும் அதுவேதான். அதற்கப்புறம் இரண்டு கழுத்து சுத்தமாக வந்தது. ஒன்று வரவில்லை.

ஹேவ்லாக்குக்கு மூன்று பேரும் போனோம். ஃபெர்ரியில் முழு நேரமும் தர்மாமீட்டரைக் கையில் வைத்திருந்தேன். அக்கா, "அதை உள்ள வை. பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் எந்திரிச்சுட்டார்" என்றார். ரிசார்ட்டில் ஸ்டாஃப் ரூமில் அவர்களை விட்டேன். அக்காவுக்குக் குடை வைத்த ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சின்னக் காகிதக் குடையை இன்னும் கொண்டையில் வைத்திருக்கிறார்.

விருந்தாளிகள் ஒரு வயதான புருஷன் பெண்டாட்டி, மெயின்லாண்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கல்யாணத்தில் யாரோ கொடுத்த பாட்டிலாம். என்னைவிட மூத்த பாட்டில். கார்க் கறுத்து உள்ளே இறங்கியிருந்தது. நான் பழகிய பாட்டில் மாதிரி இல்லை, கழுத்துக் கண்ணாடி ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து. இதை உடைத்தால் வேறு கிடையாது. அஸ்வினை இழுத்து, "எனக்கு இது வேணாம்டா" என்றேன். "அரே, கெஸ்ட் எல்லாம் வெயிட் பண்றாங்க. நீ கெமிஸ்ட்ரி லேப்ல பண்ணாததா?" என்றான். லேபில் நான் எத்தனை உடைத்தேன் என்று அவனுக்கு ஞாபகமில்லை.

கிச்சனில் தந்தூரி அடுப்பில் இடுக்கியைக் காய்ச்சிக் கொண்டு வந்தேன். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு போய்விட்டது. அந்த அம்மாள், "ஆறிப்போச்சா? தொட்டுப் பாக்கலாமா?" என்று விரலை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் பேண்ட் வாசித்தவர் நிறுத்திவிட்டார். அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வளையத்தில் வைத்துக் காட்டினேன். கறுப்பு வளையத்தில் காகிதம் புகைந்து எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், அதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். அஸ்வின் அதை ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்கிறான்.

மறுபடி காய்ச்சினேன். கழுத்தில் வைத்தேன். கை மூடிக்கொள்ளப் பார்த்தது. அகிலாவின் தோளில் கை வைத்துக்கொண்டு, பிடிக்காமல், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். எடுத்தேன். ஈரத் துணி. நகம் வெட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கழுத்தைக் கார்க்கோடு தனியாகத் தூக்கினார். உள்ளே ஒரு தூள் விழவில்லை.

அந்தக் கழுத்தைக் கேட்டு வாங்கி, பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து இதோடு அனுப்புகிறேன். விளிம்பைப் படித்துப் பாருங்கள். எங்கே பயந்தேன் என்று அதில் தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

அஸ்வினின் முதலாளிகள் சரி என்றுவிட்டார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை.

யார் அடிப்பது என்று கேட்டீர்கள். கல்யாணமான புதிதில் நான் ஒருநாள் சுத்தியலை வாங்கி அடித்தேன், நினைவிருக்கிறதா? "இது அடியா, கொத்தமல்லி நறுக்குறியா" என்றீர்கள். நேற்றும் இன்றும் பழைய கம்பி ஒன்றை வைஸில் மாட்டி அடித்துப் பார்த்தேன். இப்போதும் கொத்தமல்லிதான். ஆனால் ஒரே இடத்தில் விழுகிறது. பிடிக்கிற கை உங்களிடம் இருக்கிறது. இடுக்கியால் கம்பியை உலையிலிருந்து எடுத்துக் கல்லில் வையுங்கள், எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடிக்க நான் இருக்கிறேன். சுத்தியல் தடம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. யாரும் பார்க்கப் போவதில்லை, நம் இரண்டு பேரைத் தவிர.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய் அகிலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. அதனால் மறுபடி தொட்டேன். நீங்கள் அங்கே இருந்து பயப்படுவது கணக்கில் சேருமா என்று கேட்டீர்கள். சேராது. இங்கே வந்து பயப்படுங்கள்.

கான்ட்ராக்டரின் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கை ஆறினாலும் போடாதீர்கள்.

தண்ணீர் டிரம்மைத் தள்ள அகிலா கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால் ஷெட் கதவுக்குத் தாழ்ப்பாளாக உங்கள் பெரிய போர்ட் இடுக்கியைக் குறுக்கே போட்டிருக்கிறேன். அளந்து செய்தது போல உட்கார்ந்துவிட்டது. அவளால் அசைக்க முடியவில்லை, அதன்மேல் தொங்கிப் பார்க்கிறாள். உங்களாலும் ஒரு கையால் தூக்க முடியாது.

வந்ததும் கூப்பிடுங்கள். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

வைஜெயந்தி